பெயர் சுட்டாமை: கோல சிலாங்கூர்த் தோட்டப்புற அந்தரங்கமும் சமூக ஊடகமும்

தொல்காப்பிய அகத்திணையியல் அக ஒழுக்கத்தைப் பாடுவோர்க்கு ஒரு வரையறை விதிக்கின்றது. மக்களைப் பற்றியதாகிய அன்பின் ஐந்திணையில் தலைமக்களுள் எவரையும் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பதே அது. காதல் உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாதலின் அங்குப் பெயர் வேண்டப்படவில்லை என்று இதற்கு விளக்கம் கூறுவர். வகுப்பறையில் நாமும் அவ்வாறே கற்பித்து வருகிறோம். ஆயின் இவ்விதிக்கு வேறொரு பயனும் உண்டு. பெயர் சொல்லப்படாதவரை ஒரு பெண்ணின் துயரம் எவர் வீட்டுத் துயரம் என்பதைக் கேட்போர் அறியார். பெயர் வந்த அக்கணமே அது ஊரார் கைப்பொருளாகிவிடுகின்றது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இதற்கு நல்ல சான்று. அப்பாட்டில் நக்கீரர் பாண்டியன் பெயரை எங்கும் கூறவில்லை. அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி, பாசறையில் உறங்காது உலவும் அரசன் என்ற அளவிலேயே காட்சி அமைந்துள்ளது. எனினும் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என்னும் ஒரு குறிப்பு அதில் இடம்பெற்றுவிட்டது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. ஆகவே பாட்டுடைத் தலைவன் இன்னான் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே இப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. பெயரை விட்டுவிட்டால் மட்டும் போதாது, ஆளைக் காட்டிக்கொடுக்கும் சிறு குறியும் பெயருக்குச் சமமே என்னும் நுட்பத்தை உரையாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுள்ளார்.

இவ்விரு செய்திகளையும் அளவுகோலாகக் கொண்டு, சமூக ஊடகப் பயன்பாட்டினால் தோட்டப்புறத் தமிழரின் அந்தரங்கம் அடைந்துள்ள மாற்றத்தை நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. கோல சிலாங்கூர், ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றும் பெரியவர் வாயில் இன்றும் பெர்ஜுந்தையாகவே வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே சபாக் பெர்ணம் எல்லை வரையுள்ள தோட்டங்கள் ஆகியவையும், அத்தோட்டங்களைவிட்டு வெளியேறியோர் குடியமர்ந்துள்ள தாமான்களுமே இங்குக் களமாகின்றன. இக்கட்டுரையாளர் பிறந்து வளர்ந்த நிலப்பகுதியும் இதுவே.

சொல் பற்றி ஒரு வார்த்தை. சட்ட நூல்களில் 'தனியுரிமை' என்னும் சொல் வழங்குகிறது. இது தனியாருக்குரிய உடைமை, வணிகத்தில் ஒருவரே கொள்ளும் உரிமை என்றெல்லாம் பொருள் மயங்க இடந்தருவது. 'அந்தரங்கம்' வடசொல்லாயினும் தோட்டத்துப் பாட்டிக்கும் விளங்குவது. எனவே ஈண்டு அச்சொல்லே ஆளப்படுகிறது. லயத்தில் இதற்கு வழங்கிய சொல் இன்னும் எளியது: 'மறைப்பு'. ஒற்றை அறையில் மருமகள் படுக்கும் மூலைக்குக் கட்டிய சாக்குத் துணிக்கும் அதுவே பெயர்.

லயத்துச் சுவர்

அந்தரங்கம் என்பது மேலைநாட்டு நடுத்தர வர்க்கக் கருத்தாக்கம், லயத்தில் வாழ்ந்தவனுக்கு அது இருந்ததே இல்லை, எனவே சமூக ஊடகத்தால் அவன் இழந்ததும் ஒன்றுமில்லை என்றொரு கருத்து நம் கருத்தரங்குகளில் அவ்வப்போது எழுவதுண்டு. மேலோட்டமாக நோக்கின் இது சரியாகவே தோன்றும். பழைய மரப்பலகை லயங்களில் இரு வீடுகளுக்கிடையே நின்ற சுவர் பெரும்பாலும் கூரையைத் தொடுவதில்லை. அடுத்த வீட்டுத் தாளிப்பு மணமும், குழந்தையின் இருமலும், கணவன் மனைவி பூசலும் சுவரின் மேல்வழியே வந்து சேரும். குழாய் பொது, குளிக்கும் இடம் பொது, கழிப்பறை லயத்துக் கோடியில் பொது. கடிதம் தோட்ட அலுவலகத்திற்கு வந்து கிராணியார் கையால் கொடுக்கப்பட்டது. நோய் வந்தால் டிரசருக்குத் தெரியும். கடன் வாங்கினால் கடைக்காரருக்குத் தெரியும். வேலைக்கு வராவிட்டால் விடியற்காலைப் பெரட்டில் அனைவர்க்கும் தெரியும்.

தெரிந்திருத்தலும் பேசுதலும் ஒன்றல்ல என்பதை மேற்கண்ட கருத்து மறந்துவிடுகிறது. இரவு பூசலைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மாள் காலையில் குழாயடியில் அதைப் பற்றி வினவமாட்டாள். அடுத்தவளின் வாளி நிறையும்வரை தன் வாளியைத் தள்ளி வைத்துக் காத்திருப்பாள். அன்று அந்த வீட்டுப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் தானே கொண்டுபோய் விடுவாள். கண்டும் காணாமலும் கேட்டும் கேளாமலும் இருத்தல் என்பது லயத்தார் தமக்குள் வகுத்துக்கொண்ட, எங்கும் எழுதப்படாத ஒழுக்கம். சுவர் செய்யாத வேலையை அவ்வொழுக்கம் செய்தது.

சங்க இலக்கியம் ஊர்ப்பேச்சை அம்பல் என்றும் அலர் என்றும் பகுத்துக் கூறும். வாய்விட்டுச் சொல்லாமல் குறிப்பாலும் முணுமுணுப்பாலும் சிலரிடையே நிகழ்வது அம்பல். அது விரிந்து ஊரறியப் பரவினால் அலர். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டிற்கும் என்பர். லயத்துப் பேச்சு பெரும்பாலும் அம்பலாகவே நின்றது. அலரானபோதும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. திருக்குறளின் 115ஆம் அதிகாரமாகிய அலரறிவுறுத்தல், அலரைக் காதலை வளர்ப்பதாகவும் காட்டுவது நாம் அறிந்ததே. அது இயல்வதற்குக் காரணம், அலர் தூற்றுவோர் இவ்வூரார். நாளை அவர்களே திருமணத்திற்கும் வருவர். அலருக்கு ஓர் ஊர் இருந்தது. தோட்டத்து எல்லை வேலியோடு அதுவும் நின்றது. பிறிதொரு தோட்டத்திற்குப் பெண் கொடுத்தால் பழைய பேச்சு முழுவதும் அவளுடன் செல்வதில்லை.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்டும் கேளாமலிருந்த அதே ஒழுக்கம் மனைவியை அடிப்பவனுக்கும் காவலாக நின்றது. எத்தனையோ பெண்கள் உதவி கேட்டு எழுப்பிய குரலும் அந்தச் சுவரின் மேல்வழியேதான் வந்தது. அதையும் கேளாதவராகவே இருந்தனர். மேலும், லயத்தார் ஒருவர்க்கொருவர் காட்டிய அடக்கத்தை நிர்வாகம் அவர்களிடம் காட்டவில்லை. கங்காணியும் தண்டலும் கிராணியும் எந்த வீட்டுக்குள்ளும் எப்பொழுதும் எட்டிப் பார்க்கலாம். அவர்கள் வீட்டுக்குள் லயத்தார் எட்டிப் பார்க்க இயலாது. செய்தி கீழிருந்து மேல்நோக்கி மட்டுமே ஓடியது. இவ்வொருவழிப் பாதையை நினைவிற் கொள்ள வேண்டும்.

பார்த்து எழுதியோர்

தோட்டத்துத் தமிழரின் வாழ்வை வெளியுலகிற்குக் காட்டிய நூல்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று கோல சிலாங்கூர் மண்ணிலிருந்தே தோன்றியது என்பது பலர் அறியாதது. 1905இல் மலாயா வந்த ஆன்ரி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். 1917இல் தெனமாராம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியதும் அவர் முயற்சியாலேயே. தெனமாராம் என்பது நம் தென்னைமரமே என்பது சொல்லாமலே விளங்கும். அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. கதைசொல்லி ஒரு வெள்ளைத் தோட்டக்காரன். தமிழ்த் தொழிலாளரின் உடலும் வசிப்பிடமும் வழிபாடும் அவன் கண்வழியே வருகின்றன. தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியும் அவன் வாழ்வில் இடம்பெறுகிறாள். நாவலின் கலைச்சிறப்பை மறுப்பதற்கில்லை. மலாயாவின் காட்டையும் மழையையும் அவ்வளவு நுட்பமாகக் கண்டவர் அவர். நமக்கு இங்கு வேண்டுவது வேறு. எவருடைய வீட்டுக்குள் பார்வை நுழைந்ததோ அவர்களுள் ஒருவரேனும் அந்நூலைப் படித்திருக்க வழியில்லை. பாரிசில் தம்மைப் பற்றிப் பேசப்பட்டதை அவர்கள் அறியவுமில்லை. செய்தி அன்றும் ஒருவழிப் பாதையிலேயே சென்றது.

பின்னர் வந்த ஆய்வாளர் சிலர் வேறு நெறியைக் கைக்கொண்டனர். மலாயாத் தோட்டத்துத் தென்னிந்தியரைப் பற்றி ரவீந்திர கே. ஜெயின் எழுதி 1970இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக மதிக்கப்படுவது. அவர் தோட்டத்தில் தங்கி, உறவுமுறை, சடங்கு, தொழிற்சங்கம், சண்டை சச்சரவு என யாவற்றையும் பதிவு செய்தவர். ஆயினும் அத்தோட்டத்திற்கு 'பால் மெலாயு' என்னும் புனைபெயரையே சூட்டினார். 1970களின் பிற்பகுதியில் பால் வீபியும் மாரியப்பனும் இணைந்து எழுதிய நூலிலும் தோட்டத்திற்கு 'லாடாங் கெத்தா' என்ற புனைபெயரே காணப்படுகிறது. ரப்பர்த் தோட்டம் என்பதற்கு மேல் அப்பெயருக்குப் பொருளில்லை. எந்தத் தோட்டமும் அதுவாகலாம். தொல்காப்பியர் விதியை இவ்வாய்வாளர்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, அதன்படியே ஒழுகினர். வெளியிலிருந்து வந்தவர்கள் பெயரை மறைத்தார்கள். அதே லயத்தில் பிறந்து, படித்து, பட்டம் பெற்று, ஆசிரியராகவும் சமூகத் தொண்டராகவும் இயக்கப் பொறுப்பாளராகவும் திரும்பிச் செல்லும் நாமோ இன்று வீட்டு எண்ணையும் சேர்த்தே வெளியிடுகிறோம்.

ஊரில்லாத அலர்

சமூக ஊடகம் தோட்டப்புற மக்களுக்குச் செய்துள்ள நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும், பால்மரம் செம்பனையாக மாறியும், அயல்நாட்டுத் தொழிலாளர் வரவாலும் லயங்கள் வெறிச்சோடிய பின்னர், அங்கு வாழ்ந்தோர் பல நகரங்களில் சிதறினர். அவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்தவை பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கிய புலனக் குழுக்களும் முகநூல் பக்கங்களுமே. லயம் இடிக்கப்பட்டுவிட்டது, தோட்டத்தின் பெயர் கைப்பேசியில் உயிரோடிருக்கிறது. இறப்புச் செய்தி பத்து நிமிடத்தில் சேர்கிறது. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை சேர்கிறது. நாற்பதாண்டுகளாகக் காணாத தோழியின் முகத்தைக் கண்டு அழுத மூதாட்டியரை இக்கட்டுரையாளரே கண்டதுண்டு.

ஆயினும் லயத்தில் இருந்த 'கேட்டும் கேளாமை' அக்குழுக்களுக்கு வந்து சேரவில்லை. காரணம் எளிது. குழாயடியில் கேட்பவர் எவர் என்பது பேசுபவருக்குத் தெரியும். இருநூறு பேர் கொண்ட குழுவில் யார் படிக்கிறார், யார் வேறு குழுவுக்கு அனுப்புகிறார் என்பது எவர்க்கும் தெரியாது. இங்கு அம்பல் என்னும் நிலையே இல்லை, அரும்பாமலே மலர்கிறது. அந்த அலருக்கு ஊருமில்லை, நாளுமில்லை. மறதி என்பது பழைய ஊரில் மன்னிப்பின் ஒரு வடிவமாயிருந்தது. பதிவுக்கு மறதி கிடையாது.

இவ்வேறுபாட்டைக் காட்டும் நிகழ்வு ஒன்றைப் பெருந்தொற்றுக் காலம் தந்தது. 2021 ஜூன் இறுதியில், நடமாட்டக் கட்டுப்பாட்டினால் வருமானம் இழந்த குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டி உதவி கோரலாம் என்னும் வெள்ளைக்கொடி இயக்கம் நாடெங்கும் பரவியது. மானமுள்ளவன் வாய்திறந்து கேட்கக் கூசுவான்; கொடி அவனுக்காகப் பேசும். அக்கம்பக்கத்தார் பார்ப்பர், அரிசிப் பையை வாசலில் வைத்துச் செல்வர். இதைவிட நாகரிகமான ஓர் அம்பலை நினைத்துப் பார்க்க இயலவில்லை. அவ்வியக்கம் சமூக ஊடகத்திலேயே பிறந்தது என்பதும், உதவி தேவைப்படுவோரையும் உணவு வங்கிகளையும் வரைபடத்தில் காட்டும் செயலி அடுத்த மாதமே உருவாகிப் பலருக்குப் பயன்பட்டது என்பதும் உண்மை. ஆனால் கொடி கட்டிய வீடுகளின் படங்களும் வாசலில் நின்றவர் முகங்களும் முகவரியோடு வலம்வரத் தொடங்கியபோது, அக்கொடியின் பொருள் மாறிவிட்டது. பக்கத்து வீட்டாருக்காகக் கட்டிய துணி அது.

நம் வட்டாரத்தில் அக்காலத்திற்குப் பின் நிலைத்துவிட்ட ஒரு வகைப் பதிவே இக்கட்டுரையின் உண்மையான பொருள். அதனை 'உதவிக் காணொளி' எனலாம். அதன் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. ஓர் இலக்கிய வகையைப் போல் அதற்கு உறுப்புகள் உண்டு. முதலில் தோட்டத்துப் பாதை. அடுத்து ஒழுகும் கூரை. பின்னர்க் கருவி வீட்டுக்குள் நுழையும். அடுப்பு, காலியான அரிசிப் பானை, கொடியில் காயும் உடுப்பு, மூலையில் சுருட்டிய மெத்தை என நகரும். தாய் தலைகுனிந்து நிற்பாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று கேட்பர். மருத்துவமனைக் கடிதம் காட்டப்படும். இறுதியில் அரிசி மூட்டையைக் கொடுப்பவரும் பெறுபவரும் கருவியை நோக்கி நிற்பர். கீழே வங்கிக் கணக்கு எண், தொலைப்பேசி எண், சிலவேளைகளில் அடையாள அட்டையின் படம்.

இவ்வகைப் பதிவால் குடும்பங்கள் பிழைத்துள்ளன. கூரை மாற்றப்பட்டுள்ளது, சக்கர நாற்காலி கிடைத்துள்ளது, அறுவை மருத்துவத்திற்குப் பணம் சேர்ந்துள்ளது. காணாதவன் கொடான் என்பது உலகியல். நன்கொடை தவறாகக் கையாளப்படவில்லை என்பதற்குச் சான்று வேண்டும் என்று தொண்டர்கள் கூறுவதும் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் சான்று கேட்பவர் கொடுப்பவர். சான்றாகக் காட்டப்படுவது பெறுபவரின் முகம். கணக்குப் புத்தகம் செய்ய வேண்டிய பணியைப் பிள்ளைகளின் முகம் செய்கிறது.

முகத்தை மங்கலாக்கிவிட்டோம், பெயரைச் சொல்லவில்லை என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். இங்கேதான் நச்சினார்க்கினியர் தேவைப்படுகிறார். முகம் மங்கலாயினும் சட்டைப்பையில் பள்ளிச் சின்னம் தெரிகிறது. பின்னணியில் கோயில் கோபுரம் தெரிகிறது. அடையாள அட்டையில் பெயரை மூடி எண்ணை விட்டுவிடுவர். நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களுள் முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், சிலாங்கூரில் பிறந்தோர்க்குப் பெரும்பாலும் 10. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். இவ்வொரு வரிசையோடு தொலைப்பேசி எண்ணும் வங்கி எண்ணும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கும் வட்டி முதலைக்கும் வேறென்ன வேண்டும்? வேலின் தலையில் வேம்பு இருக்கும்போது பாண்டியன் பெயரை மறைத்து என்ன பயன்?

இத்தகைய காணொளியில் தாயின் இசைவு பெறப்பட்டது என்பதும் உடனே சொல்லப்படும் விடை. அரிசி மூட்டையோடு வாசலில் நிற்பவரிடம் 'படம் எடுக்க வேண்டாம்' என்று சொல்லும் வலிமை எத்தனை பேருக்கு உண்டு? மறுக்க இயலாதவரின் இசைவு இசைவாகாது. முன்பு கங்காணிக்கு இருந்த உரிமை இன்று கைப்பேசி ஏந்தியவருக்குக் கிடைத்துள்ளது. வேறுபாடு, கங்காணி பார்த்ததைத் தன் துரைக்கு மட்டும் சொன்னான்.

கருவியின்றி உதவ இயலாதா என்றால், இயலும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2025 ஆகஸ்டு 31 முதல் அவ்வாண்டு இறுதிவரை, 18 வயதும் அதற்கு மேலும் உடைய மலேசியர் அனைவர்க்கும் அடையாள அட்டை வழியே 100 ரிங்கிட் மதிப்புள்ள பொருளுதவி வழங்கப்பட்டது. கடையில் அட்டையைக் காட்டினால் கணக்கு முடிந்தது. ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில் நின்றனர். எவரும் படம் பிடிக்கவில்லை. அரசின் கையிலுள்ள தகவல் தொகுப்பைப் பற்றிய அச்சம் வேறு. அது தனியே ஆராயத்தக்கது.

சட்டம் எட்டாத இடம்

சட்ட நிலையைச் சுருக்கமாக நோக்கலாம். 2010இல் சிவராசா ராசையா வழக்கில், கூட்டரசு அரசமைப்பின் 5ஆம் உறுப்பு கூறும் தனிமனிதச் சுதந்திரத்துள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் குறிப்பிட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனை தொடர்பான தரவுகளுக்கே பொருந்தும். வங்கியும் தொலைப்பேசி நிறுவனமும் அதற்குள் வரும். ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியங்களுக்காகச் செய்வது வராது. தொண்டர் ஒருவர் தம் பக்கத்தில் இடும் உதவிக் காணொளி அதன் பிடிக்குள் அடங்குதல் அரிது.

2024 ஜூலையில், டிக்டாக்கில் 'ஈஷா' என அறியப்பட்ட தமிழ்ப் பெண் இணையப் பகடிவதைக்கு ஆளாகி உயிர் துறந்தமை நம் சமூகத்தை உலுக்கியது. அவ்வழக்கில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட் மட்டுமே என்பது அதனினும் உலுக்கியது. 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின்படி விதிக்கக்கூடிய உச்சத் தொகையே அதுதான். அதன் விளைவாக, தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025இல் நடைமுறைக்கு வந்தன. பிறரைத் துன்புறுத்தும் வகையில் அவருடைய அடையாளத் தகவலை வெளியிடுவதும் இப்பொழுது குற்றம். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அப்பிரிவுகள் பகைமையை நோக்கியவை. நாம் பேசிக்கொண்டிருப்பதோ அன்பினால் செய்யப்படும் வெளிப்படுத்தல்.

நம் பொருளுக்கு மிக அணுக்கமானது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு. வழக்கு, விசாரணை முதலியவற்றில் தொடர்புடைய சிறாரின் பெயர், முகவரி, கல்விக்கூடம் ஆகியவற்றையோ, அச்சிறாரை இனங்காண வழிசெய்யும் வேறு எவ்விவரத்தையுமோ செய்தி ஊடகம் வெளியிடலாகாது என்கிறது அது. இனங்காண வழிசெய்யும் எவ்விவரமும் என்னும் தொடரைப் படிக்கும் தமிழாசிரியர்க்கு வேம்பு நினைவுக்கு வராமல் இராது. ஆயின் குற்றம் செய்த சிறுவனுக்கு உள்ள இந்த மறைப்பு, பசித்திருந்த சிறுமிக்கு இல்லை.

ஏழைக்கு வேண்டுவது சோறு, அந்தரங்கம் அன்று என்னும் வாதம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தபோது, அது மேட்டுக்குடியினரின் கவலை மட்டுமே என்னும் வாதம் ஏற்கப்படவில்லை.

பள்ளியும் நாமும்

இவ்விதழின் வாசகர் பலர் ஆசிரியர்களாதலின் பள்ளியைப் பற்றிக் கூறாமல் விட இயலாது. 150க்கு மேற்படாத மாணவரைக் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அவ்வகையின. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் சேர்வர் என்னும் கவலையோடு உறங்கும் தலைமையாசிரியர்க்கு முகநூல் பக்கம் ஓர் ஊன்றுகோல். விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பும் அதில் வருவது இயல்பே. இலவசக் காலணி, பள்ளிப் பை, காலை உணவு பெறும் பிள்ளைகள் வரிசையாக நின்று அவற்றை உயர்த்திப் பிடிக்கும் படமும் அதே பக்கத்தில் வருகிறது. முதல் வகைப் படத்தைப் பிள்ளை பெரியவனானதும் தேடி எடுப்பான். இரண்டாம் வகையை அவனுக்கு வேண்டாதவர் தேடி எடுப்பர்.

இதுவரை 'இக்கட்டுரையாளர்' என்று எழுதி வந்தேன். அச்சொல்லின் பின்னால் நின்றுகொண்டு அடுத்து வருவதைக் கூறுதல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் எடுக்கப்பட்ட உதவிக் காணொளி எனக்கு வந்தது. மேலே விவரித்த உறுப்புகள் யாவும் அதில் இருந்தன. தாய் ஒருத்தி, மூன்று பிள்ளைகள். மூத்தவள் இடைநிலைப் பள்ளிச் சீருடையில் சுவரோரம் நின்றாள். கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. 'முடிந்தவர்கள் உதவுங்கள்' என்று ஒரு வரி சேர்த்து நான் உறுப்பினராயிருந்த மூன்று குழுக்களுக்கும் அதை அனுப்பினேன். ஐம்பது வெள்ளியும் அனுப்பினேன். அன்றிரவு மனநிறைவோடுதான் உறங்கினேன்.

பல மாதங்கள் கழித்து ஒரு திருமண வீட்டில் அந்தத் தாயைக் கண்டேன். என்னை அவருக்கு அறிமுகம் செய்தவர், நான் பல்கலைக்கழகத்தில் இருப்பதைச் சொன்னார். அவர் நன்றி கூறினார். கூரை போட்டாயிற்று என்றார். பிறகு என்னைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்து, "சார், அந்த வீடியோவ எப்படியாவது எடுக்க முடியுமா? பெரியவ ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. கூடப் படிக்கிற பசங்க அத வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு அனுப்புறாங்களாம்" என்றார். கொடியில் காய்ந்த உடுப்பு அதில் தெரிவதாகவும் சொன்னார். எவரையும் அவர் குறைகூறவில்லை. உதவியவர்களைக் குறைசொல்வதாக எண்ணிவிடக் கூடாதே என்ற அச்சம் அவர் குரலில் இருந்தது.

பதிவிட்ட தொண்டரை அழைத்துப் பேசினேன். நல்ல மனிதர், அன்றே தம் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார். அதற்குள் அது எத்தனை கைகளுக்குச் சென்றிருந்தது என்பது அவருக்கும் தெரியாது. என் மூன்று குழுக்களையும் திறந்து, மாதக் கணக்கில் பின்னோக்கிச் சென்று, நான் அனுப்பியதைத் தேடிப் பிடித்தேன். அதன் கீழே கைகூப்பிய படங்கள் பல இருந்தன. அனைவரிடமிருந்தும் அழிக்கும் வழி காலங்கடந்து அடைபட்டிருந்தது. என் கைப்பேசியிலிருந்து மட்டும் அழித்தேன்.